மூன்றாம் முறை

ஏழு மணி ஃபெரியில் ஏறினேன்.
கையில் இரண்டு பென்சில், அடையாள அட்டை,
பதினோரு வருட வேலை.
பென்சிலை மட்டும் உள்ளே கொண்டு போகலாம்
என்றார்கள் பர்மா ரோடு மண்டபத்தில்.

படிவத்தில் பெயருக்கு இருபத்தொரு கட்டம்.
ஆங்கில எழுத்தில் அம்சவேணியை இட்டு,
இன்னாரின் மகள் என்பதையும் இட்டு,
குழந்தைவேலு என்று தொடங்கினால்
அப்பா குழந்தையோடு நின்றுவிடுகிறார்.
வேல் வெளியே.
அதற்குக் கீழே இனம்.
மலாய், சீனர், இந்தியர், மற்றவர்.
அதற்கு மட்டும் இடம் போதும்.

பக்கத்து மேசையில் செலினா,
சரவாக்கிலிருந்து வந்து
சுங்கை டுவாவில் முதியோரைப் பார்ப்பவள்.
அவளுக்கு நான்காம் முறை.
‘மற்றவர்’ கட்டத்தை
அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் கேள்வி:
வீட்டுக்குச் செல்கிறீர்கள்.
தாய் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.
இது எதைக் காட்டுகிறது?
எதையோ மறைக்கிறார்.
மனச்சோர்வு.
ஒத்துழைக்க விருப்பமில்லை.
மேற்கண்ட அனைத்தும்.

பிறை அடுக்குமாடியில் பதினோராம் மாடி,
லிஃப்ட் பழுது.
கலைமணியும் அன்று தரையைத்தான் பார்த்தாள்.
நான் அரசாங்கம் என்று நினைத்துவிட்டாள்.
அரசாங்கத்தை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்?
காது உடையாத ஒரே கோப்பையில் மைலோ வந்தது.
குடித்தேன்.
பாதி குடித்தபோது நிமிர்ந்தாள்.
கோப்பை காலியானபோது
பையன் முதுகிலிருந்த தழும்பு எப்படி வந்ததென்று
அவளே சொன்னாள்.

அந்த அரைக் கோப்பைக்கு
எந்த வட்டத்தைக் கறுப்பாக்குவது?

அவர்களுக்கு எது வேண்டுமென்று தெரியும்.
எண்ணூறு ரிங்கிட் கட்டிய பயிற்சி வகுப்பில்
அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்:
வேலையில் பார்த்ததை மறந்துவிட்டு எழுதுங்கள்.
மறக்கத்தான் பார்த்தேன்.
பென்சில் வட்டத்தின் மேலேயே நின்றது,
மணி அடிக்கும்வரை.

இரண்டு மதிப்பெண் போதவில்லை.

எனக்கும் சந்தேகம் வரும்.
சட்டப் பிரிவில் ஐந்து தப்பு; அது என் சோம்பல்,
யார் தலையிலும் போடமாட்டேன்.
ஆனால் முப்பத்தொன்று?
முப்பத்தெட்டு? ஐம்பத்திரண்டில்
கூட்டுக் குடும்பத்தை ‘எல்லையற்ற உறவுமுறை’ என்று
நோய்போல் எழுதியிருந்தார்களே, அது?

வாரியத்துக்குக் கடிதம் போட்டேன்:
எந்த இனத்தில் எத்தனை பேர் எழுதினார்கள்,
எத்தனை பேர் தேறினார்கள்?
இரண்டே வரியில் பதில் வந்தது.
முடிவுகளை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.
தேர்வு எல்லாருக்கும் ஒன்றே.

நுழையும்போது கேட்ட கட்டம்
வெளியேறும்போது எங்கே போனது?
எல்லார் முன்னும் ஒரே அளவுச் செருப்பை வைத்துவிட்டு
யார் காலைக் கடித்தது என்று மட்டும்
குனிந்து பார்க்கமாட்டார்களாம்.

செவ்வாய்க்கிழமை ஷஃபீக்கா அழைத்தாள்.
போன வருடம், முதல் முறையிலேயே தேறியவள்.
நல்ல பெண்.
“காக், கொஞ்சம் வர முடியுமா?
கலைமணி கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாள்.”

போனேன். லிஃப்ட் இன்னும் பழுது.
ஏழாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
அவள் கழுத்தில் உரிம அட்டை ஆடிக்கொண்டிருந்தது.
என்னிடம் தண்ணீர்ப் புட்டி இருந்தது, கொடுத்தேன்.

கதவைத் தட்டவில்லை.
“பசியாறியாச்சா கலைமணி?” என்றேன்.
தாழ்ப்பாள் நகர்ந்தது.

அறிக்கையில் ஷஃபீக்காவின் பெயர், உரிம எண்.
நான் ‘உடன் வந்த மொழிபெயர்ப்பாளர்’.
அந்த வீட்டில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை;
கலைமணி என்னைவிட நன்றாக மலாய் பேசுவாள்.

இரண்டு கோப்பை மைலோ வந்தது.
ஒன்றுக்குக் காது இல்லை.
ஷஃபீக்கா என்னைப் பார்த்தாள்.
காதில்லாததை நான் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.
கட்டணம் இம்முறை முப்பது ரிங்கிட் கூடியிருக்கிறது.
பெயருக்கு அதே இருபத்தொரு கட்டம்.